மூன்றாம் நிலை

கீழ்ப்பிரிவு லயம்,
ஹல்துமுல்லை.
14.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் புண்ணியத்தில் நாங்கள் நாலு பேரும் சுகம். நீயும் அத்தானும் எப்படி? உன் கழுத்து வலி விட்டதா, இல்லை இன்னும் கரும்பலகையில் எழுதும்போது இழுக்கிறதா?

நாளைக்குப் பொங்கல். ஜெப வீட்டுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் இல்லை என்பது உனக்குத் தெரியும். பக்கத்துக் காம்பரா வீட்டில் இப்போதே ஏலக்காய் தட்டுகிறார்கள். நிஷாந்த் இரண்டு தரம் வாசலில் போய் நின்று மோந்துவிட்டு வந்தான். மூன்றாம் தரம் நானும் போய் நின்றேன். இதை அவரிடம் சொல்லிவிடாதே.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். வீட்டில் இருக்கும் ஒரே போன் அவர் சட்டைப்பையில். பேசினால் பக்கத்தில் நிற்பார். கேட்க வேண்டியது கொஞ்சம் நீளம், அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டார். போன மாதம் பஸ்ஸில் ஒரு பையன் ஆர்த்திகாவிடம் கடதாசி நீட்டியிருக்கிறான். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த குற்றம். கொழும்பிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் ஜெப வீட்டில் கிறிஸ்தவ வீட்டுப் பள்ளிப் பாடத்திட்டம் என்று ஒன்றைக் காட்டினார். பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கலாம். ஒவ்வொரு நிலைக்கும் பன்னிரண்டு கைநூல். எந்த நிலையில் தொடங்குவது என்று தாய் தகப்பனே முடிவெடுக்கலாமாம். வயதைப் பார்த்தால் பதினாலு வயது ஆர்த்திகாவுக்கு ஒன்பது, எட்டு வயது நிஷாந்துக்கு மூன்று. இல்லாவிட்டால் ஒரு சோதனை வைத்து, அதில் வரும் நிலையில் போடலாம்.

அவர் என்னை முடிவெடுக்கச் சொல்கிறார். எட்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கியவள் நான். இது எனக்கு எங்கே தெரியும்? நீ டீச்சர். நீ சொல்கிறபடி போடுகிறேன்.

உன் அன்புத் தங்கை
விஜிதா (ரூத்)


பதுளை.
23.01.2024

அன்புள்ள விஜிதாவுக்கு,

முருகன் அருளால் நாங்கள் நலம். கழுத்து வலி என்னோடு பென்சன் எடுக்கும் போலிருக்கிறது. ரூத் என்று அடைப்புக்குள் போடுவதை விட்டுவிடு. அம்மா உனக்கு ஒரு பெயர்தான் வைத்தாள்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கோபத்தோடு இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் கணக்குக்கு முதலாவது வந்த பிள்ளையை நிறுத்துவார்களா? மாப்பிள்ளைக்கு எடுத்துச் சொல். சொன்னாலும் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். குடியை விட்ட மனிதருக்கு வேறு எதையாவது இறுக்கிப் பிடிக்கத்தான் வேண்டும், அது எனக்கு விளங்குகிறது. குறைந்தது பள்ளிக்கூட விடுகைப் பத்திரத்தையாவது வாங்கிப் பத்திரமாக வை.

நீ கேட்டதற்கு வருகிறேன். வயதைப் பார்த்துப் போடவே கூடாது. வயதைப் பார்த்து வகுப்பேற்றி வகுப்பேற்றித்தான் என்னிடம் வாசிக்கத் தெரியாமல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். சோதனையை வை. எந்த நிலை வருகிறதோ அதில் போடு. நடுவில் யார் என்ன சொன்னாலும் மாற்றாதே. பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும் என்று இரக்கப்பட்டு ஒரு படி ஏற்றிவிட்டால் கட்டடம் முழுக்கக் கோணும்.

ஆர்த்திகாவைப் பற்றிப் பயப்படாதே. அவள் பத்தாம் நிலைக்கே போய் நிற்பாள்.

அன்புடன்
அக்கா, விஜயலெட்சுமி


ஹல்துமுல்லை.
20.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உங்கள் வீட்டையும் காப்பாராக. இங்கே எல்லோருக்கும் சளி, மற்றபடி சுகம். மழை விட்டபாடில்லை. மண் சரியும் என்று மேல் லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்களைப் பத்து நாளாக ஜெப வீட்டில் படுக்க வைத்திருக்கிறோம். அவர்தான் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். நல்ல மனுசன் என்று ஊர் முழுக்கச் சொல்கிறார்கள், அதுவும் உண்மைதான்.

நீ சொன்னபடியே சோதனை வைத்தோம். ஊழியக்காரர் முன்னாலேயே உட்கார்ந்து எழுதினார்கள். நிஷாந்துக்கு இரண்டாம் நிலை வந்தது. ஆர்த்திகாவுக்கு மூன்றாம் நிலை.

நான் ஊழியக்காரரிடம் திரும்பவும் கேட்டேன். மூன்றுதான் என்றார். அவருக்கே கொஞ்சம் சங்கடம். "வேணும்னா வயசுப்படி ஒம்போதுல போடலாம், அம்மா. அதுக்குத் தமிழ் விளக்கப் புத்தகம் இருக்கு. உங்க விருப்பம்" என்றார். எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. இரக்கப்பட்டால் கட்டடம் கோணும் என்று எழுதியிருந்தாயே. "வேணாங்க, எங்க அக்கா டீச்சர், சோதனைல வந்ததுலயே போடச் சொன்னாங்க" என்றேன். என் வாயால் நான்தான் சொன்னேன். ஆர்த்திகா பக்கத்தில் நின்றாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினாள், கழுவி வைத்திருந்ததையும் எடுத்துக் கழுவினாள்.

நான் செய்தது சரிதானே அக்கா? ஒரு வரி எழுது.

விஜிதா


பதுளை.
03.03.2024

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே யாவரும் சுகம். உங்கள் சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள்.

மூன்று என்பதை நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நீ செய்தது சரி. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களில் முதலாவது வருவதற்கும் அடிப்படை இருப்பதற்கும் சம்பந்தமில்லை, அதை நான் தினமும் பார்க்கிறேன். சோதனை யாருக்கும் முகத்துக்காகப் பேசாது. கெட்டிக்காரப் பிள்ளை, ஆறு மாதத்தில் நாலைந்து நிலை தாண்டிவிடுவாள். கொஞ்சம் அழுதால் அழட்டும்.

வகுப்புகள் தொடங்கிவிட்டதால் வேலை தலைக்கு மேல். அடுத்ததில் விரிவாக எழுதுகிறேன்.

விஜயலெட்சுமி


ஹல்துமுல்லை.
21.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? புதுவருசத்துக்கு வருவாய் என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை. இதற்குப் பதில் எழுதினால் தோட்ட விலாசத்துக்கு வேண்டாம். தோட்டக் கந்தோருக்கு வரும் தபாலைக் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் அவரிடம்தான் கொடுக்கிறார்கள். டவுனில் பவாஸ் நானா கடைக்கு என் பெயர் போட்டு அனுப்பு. அவர் மனைவி ஷிஹானா எடுத்து வைத்துத் தருவாள்.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். இங்கே படிப்பு எப்படி நடக்கிறது தெரியுமா? அவர் பலகை அடித்து இரண்டு மேசை செய்தார். இரண்டும் சுவரைப் பார்த்தபடி. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க நடுவில் தடுப்பு. சந்தேகம் வந்தால் வாய் திறக்கக் கூடாது, மேசையில் ஒரு சின்னக் கொடியை நட வேண்டும். பெரியவர் யாராவது வந்து சொல்லிக் கொடுப்பார். அதுதான் முறை. நான் காலை ஏழு மணிக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறேன். அவர் தேயிலை பெக்டரிக்கு. யார் வந்து சொல்லிக் கொடுப்பது? ஒரு நாள் காய்ச்சலோடு நேரத்தோடு திரும்பி வந்தேன். நிஷாந்த் கொடி நட்டிருந்தான். ஆர்த்திகா எழும்பிப் போய் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, தன் மேசையில் கொடியை நட்டுவிட்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் போய்ப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீசு. எனக்கு ஒரு வரி விளங்கவில்லை. கொடியைப் பிடுங்கி வைத்துவிட்டு, "கஞ்சி குடிக்கிறியா" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

அந்தச் சோதனையும் இங்கிலீசில்தான் இருந்தது. அதனால்தான் அவளுக்கு மூன்று வந்ததாம், ஷிஹானா சொல்கிறாள். கணக்கையும் இங்கிலீசு வசனமாகத்தான் கேட்டிருந்தார்கள். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய இடத்துப் படிப்பு, இங்கிலீசில்தானே இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது அவள் கைநூலில் தோட்டத்தில் எத்தனை ஆப்பிள் இருக்கிறது என்று எண்ணிக் கூட்டுகிறாள். ஓரத்தில் பென்சிலால் பழைய பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் போட்டு அழிக்கிறாள்.

அக்கா, உன் வீட்டில் அவளை வைத்துக்கொள்வாயா? உன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் சாதாரண தரப் பரீட்சையாவது எழுதிவிடுவாள். உன்னிடம் என்றால் அவர் சம்மதிப்பார், டீச்சர் வீடு என்று மரியாதை உண்டு. அவள் சாப்பாடு கொஞ்சம். எல்லா வேலையும் செய்வாள்.

உன் தங்கை
விஜிதா


பதுளை.
16.06.2024

அன்புள்ள விஜிதாவுக்கு,

நலம். உன் காய்ச்சல் சுகமாயிற்றா? பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள்.

சோதனை இங்கிலீசில் என்று ஏன் முதலிலேயே எழுதவில்லை? இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானல்லவா கேட்டிருக்க வேண்டும்? தமிழில் படித்த பிள்ளையை இங்கிலீசில் அளந்தால் அது இங்கிலீசைத்தான் அளக்கும். நான் என் வகுப்பறையை நினைத்துக்கொண்டு உனக்குப் புத்தி சொன்னேன். உடனே ஊழியக்காரரைப் பிடித்து ஒன்பதாம் நிலைக்கு மாற்றச் சொல்.

ஆர்த்திகா இங்கே வருவது பற்றி. எனக்குச் சந்தோசம்தான். ஆனால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள், சாமான் எல்லாம் நடு அறையில். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்து கொஞ்ச நாள் நிற்பார். அத்தானுக்கும் கந்தோரில் கணக்காய்வு. ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிறகு பார்ப்போம். அவளை மனம் விடாமல் இருக்கச் சொல்.

அக்கா


ஹல்துமுல்லை.
30.06.2024

கர்த்தருக்குள் பிரியமான சகோதரி விஜயலெட்சுமி அவர்களுக்கு,

சமாதானம் உண்டாவதாக. நாங்கள் தேவ கிருபையால் சுகமாயிருக்கிறோம். நீங்களும் உங்கள் கணவரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

எங்கள் பிள்ளைகளின் படிப்பு நன்றாக நடக்கிறது. ஆர்த்திகா தனக்குக் கொடுக்கப்பட்ட நிலையில் தாழ்மையைக் கற்றுக்கொள்கிறாள். அவளை வேறு இடத்துக்கு அனுப்பும் எண்ணம் எங்களுக்கு இல்லை. உங்கள் உதவி தேவைப்படாது. இது விடயமாக இனி எழுத வேண்டாம்.

ரூத் தனேஸ்வரன்


ஹல்துமுல்லை.
06.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? மூன்று மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. நான் அனுப்பிய கடைசிக் கடிதத்தைப் பார்த்துக் கோபித்திருப்பாய். உன்னை நான் நீங்கள் என்று எழுதுவேனா? உன் கடிதம் என் மேல்சட்டைக்குள் இருந்ததை அவர் கண்டுவிட்டார். அடிக்கவில்லை. கத்தவுமில்லை. பிள்ளைகள் முன்னால் முழங்காலில் நின்று அழுதார். "நா எல்லாத்தையும் விட்டேன், நீ எனக்குத் தெரியாம கடதாசி எழுதுற" என்றார். பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மறுத்தால் திரும்பவும் போத்தலைத் தூக்குவாரோ என்ற பயம்தான், அக்கா. குடிகாரனோடு ஒன்பது வருடம் இருந்தேன். அதற்குத் திரும்பிப் போக எனக்குத் தெம்பு இல்லை. என் நிம்மதிக்கு மகளைக் கொடுத்தேன் என்று நீ சொன்னால் நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

நிலையை மாற்றுவதைப் பற்றி அவரிடம் கேட்டேன். வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்ததை மாற்றினால் பிள்ளைக்கு ஆணவம் வரும் என்கிறார். முடிவு செய்தது நான் என்றேன். "அதான் நானும் மதிக்கிறேன்" என்றார். இதற்கு என்ன சொல்வாய்?

ஆடி மாதத்திலிருந்து ஆர்த்திகா எழுதுவதை விட்டுவிட்டாள். தினமும் எட்டு மணிக்கு மேசையில் உட்காருகிறாள், மத்தியானம் எழும்புகிறாள். கைநூல் வெறுமையாக இருக்கிறது. எண்பது புள்ளி வாங்கினால்தான் அடுத்த நூல், அதனால் அவர் முதல் நூலுக்கே இறக்கி அதையே திரும்பவும் கொடுக்கிறார். நாலாவது தரம். நிஷாந்துக்கு இந்தப் படிப்புப் பிடித்துப்போய்விட்டது. கிடுகிடு என்று இரண்டாம் நிலையை முடித்துவிட்டான். போன திங்கட்கிழமை அவனுக்கு மூன்றாம் நிலை முதல் நூலைக் கொடுத்தோம். அவளிடம் இருப்பதும் மூன்றாம் நிலை முதல் நூல்தான். அவன் சந்தோசத்தில் தடுப்புக்கு மேலால் எட்டி, "அக்கா, ஒரே புத்தகம்" என்று காட்டினான். அவள் சிரித்தாள்.

வெள்ளை அடித்து முடிந்திருக்கும். மாமியும் போயிருப்பார். எழுது அக்கா. பவாஸ் நானா கடைக்கே எழுது.

விஜிதா


பதுளை.
12.01.2025

அன்புள்ள விஜிதாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். அதுவே கஷ்டமாக இருக்கிறது.

வீட்டுக்கு யாரும் வெள்ளை அடிக்கவில்லை. அது பொய். அத்தான் வேண்டாம் என்று சொன்னதாக நீ நினைத்திருப்பாய். அவர் சொல்லவில்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை. கலியாணம் முடிந்து பதினாறு வருடம். மாமி வரும்போதெல்லாம் நான் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை என்ற பேச்சு எழும்பாமல் பார்த்துப் பார்த்துப் பேசிப் பழகிவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் சொந்த ஊர் பண்டாரவளை டவுன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். ஆர்த்திகா வந்து வாசலில் நின்று பெரியம்மா என்று கூப்பிட்டால் எல்லாம் கலைந்துவிடும் என்று பயந்தேன். உன் ஜூன் மாதக் கடிதம் வந்தபோது அது நீ எழுதிய மாதிரி இல்லை என்று முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், அவளே வேண்டாம் என்று எழுதிவிட்டாள் என்று அதைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், விஜிதா. ஒக்டோபர் கடிதத்தையும் மூன்று மாதம் அலுமாரியில் வைத்திருந்தேன்.

போன கிழமை அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உதுக்கென்னப்பா, பிள்ளை வந்து நிக்கட்டுமே. நீர் இதை முதலே சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். இதற்காகத்தான் நான் ஒரு வருடத்தைத் தின்றேன்.

அதிபரிடம் பேசிவிட்டேன். பத்தாம் வகுப்பில் எடுப்பார். ஒரு வருடம் பின்னுக்குத்தான், ஆனாலும் சாதாரண தரம் எழுதலாம். தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை நானும் அத்தானும் வருகிறோம். மாப்பிள்ளையிடம் அத்தான் பேசுவார். நான் ஆர்த்திகாவிடம் பேசுகிறேன். சோதனையில் வந்த நிலையில் போடச் சொன்னது அவளுடைய பெரியம்மாதான், அம்மா இல்லை என்று அவளுக்குச் சொல்ல வேண்டும்.

உன் அக்கா


எல்ல.
02.02.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஆர்த்திகா எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் பெரியப்பாவும் வீட்டுக்கு வந்தீர்கள், நான் இல்லை என்றதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னார். உங்கள் கழுத்து வலிக்கு இப்போது எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை அம்மா எனக்குக் கொடுத்தனுப்பினார். படித்தேன். அம்மாவுக்கு எழுதக் கை வரவில்லையாம், என்னையே எழுதச் சொன்னார்.

என்னை யாரும் விரட்டவில்லை. கார்த்திகையில் நானாகத்தான் கேட்டு வந்தேன். ஜெப வீட்டுக்கு வரும் ஒரு குடும்பம் இங்கே வெளிநாட்டு ஆட்கள் தங்கும் வீடு நடத்துகிறார்கள். விசுவாசிகள் வீடு என்பதால் அப்பா விட்டார். அப்பா கெட்டவர் இல்லை, பெரியம்மா. பஸ் ஏற்றிவிட வந்து பஸ் போகும் வரைக்கும் நின்றார். நான் காலைச் சாப்பாடு வைக்கிறேன், படுக்கை விரிப்பு மாற்றுகிறேன், வருகிறவர்களின் பெயரைப் புத்தகத்தில் எழுதுகிறேன். என் இங்கிலீசு போதும் என்கிறார்கள். கைநூலில் வருகிற பிள்ளைகள் மாதிரி பேசுகிறேனாம், சில பேர் சிரிப்பார்கள். ஆனால் மரியாதையாகச் சிரிப்பார்கள்.

பத்தாம் வகுப்பில் இடம் வாங்கியதற்கு நன்றி. நான் வரமாட்டேன். உங்கள் மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். என் வகுப்பில் இருந்தவர்கள் இப்போது பதினோராம் வகுப்பு. நான் திரும்பவும் என்னைவிடச் சின்னவர்களோடு உட்கார வேண்டும். ஒரு வருடம்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் முடியாது. தம்பி புத்தகத்தைத் தூக்கிக் காட்டினானே, அன்றைக்கே எனக்குள் அது முடிந்துவிட்டது. புத்தகத்தைத் திறந்தால் உடனே மூடிவிடுகிறேன். இங்கே என்னை யாரும் எந்த வகுப்பு என்று கேட்பதில்லை. வயது கேட்டால் பதினெட்டு என்கிறேன், நம்புகிறார்கள்.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நிஷாந்த் இந்த மாதம் மூன்றாம் நிலையை முடிக்கிறான். நத்தார் பண்டிகைக்கு வீட்டுக்குப் போனபோது அவனைத் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். தன் பெயரை எழுதினான், அதற்கு மேல் எழுத்து வரவில்லை. அவனுக்கு இன்னும் ஒன்பது வயதுதான். அடுத்து எந்த நிலை என்று அம்மா உங்களைத்தான் கேட்பார். நிலை எதுவும் சொல்லாதீர்கள், பெரியம்மா. பள்ளிக்கூடத்தில் அவன் வயதுப் பிள்ளைகளோடு கொண்டுபோய் உட்கார வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் அம்மா அழுவார், செய்யமாட்டார். நீங்கள் சொன்னால் அப்படியே செய்வார்.

இப்படிக்கு
ஆர்த்திகா